அறியாத மரமும் அறிந்த செடியும்

பிழைப்பை நாடித் தமிழகத்தை விட்டு வடக்கே வந்து குடியேறிய நம்மவர், முதல் ஆண்டில் கற்றுக்கொள்ள வேண்டியவை பல. பால்காரரிடம் பேசும் இந்தி, பேருந்தின் எண், குளிருக்குப் போர்வை வாங்கும் கடை ஆகியவற்றை அண்டை அயலார் தாமாகவே சொல்லிக் கொடுத்துவிடுவர். தெருவில் நிற்கும் மரத்தின் பெயரை மட்டும் ஒருவரும் சொல்லிக் கொடுப்பதில்லை, நாமும் கேட்பதில்லை. கேட்கத்தான் வேண்டும் என்பதை நாங்கள் உணர்ந்தது ஒரு சித்திரை முதல் நாள் காலையில்.

டில்லிக்கு வந்து ஓராண்டு நிறையாத காலம் அது. வருடப் பிறப்புக்கு வேப்பம்பூப் பச்சடி வைக்க வேண்டும். ஊரிலிருந்து கொணர்ந்த உலர்ந்த பூவோ தீர்ந்து போயிருந்தது. குடியிருப்பின் பின்புறச் சுவரை ஒட்டி ஒரு மரம் நின்றது. வேப்பிலையைப் போலவே ஓரம் வெட்டுண்ட சிற்றிலைகள், கொத்துக் கொத்தாய்ப் பூக்கள், இனிய மணம். வீட்டுப் பிள்ளை அதில் ஏறி ஒரு தட்டு நிறையப் பூப்பறித்து வந்துவிட்டான். பூவில் ஊதாச் சாயல் இருந்ததைக் கண்டும், இந்த ஊர் வேம்பு இப்படித்தான் பூக்கும் போலும் என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். வாணலியில் நெய் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில், உறை மோர் கேட்டு அடுத்த வீட்டுப் பஞ்சாபி மூதாட்டியார் வந்தார். தட்டைப் பார்த்தார், அதைக் கையில் எடுத்தார், ஒரு சொல்லும் சொல்லாமல் கொல்லைப்புறம் சென்று கொட்டிவிட்டார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னர் அவர் கூறியது இது: “இது நீம் அன்று. எங்கள் ஊரில் இதைத் தரேக் என்போம். இந்திக்காரர் பகாயின் என்பர். இதன் பழம் உதிரும் காலத்தில் குழந்தைகள் எடுத்து வாயில் போடாதபடி நாங்கள் காவல் இருப்போம்.” அதன்பின் அவரே பிள்ளையை அழைத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளி நின்ற மெய்யான வேம்பைக் காட்டினார். அது அப்போதுதான் அரும்பு கட்டியிருந்தது. அவ்வாண்டுப் பச்சடியில் அரும்பே விழுந்தது.

வேம்புக்கும் பகாயினுக்கும் உள்ள உறவு பொய்யன்று. இரண்டும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆயினும் இரண்டையும் பிரித்தறிவது அரிதன்று. பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவே. சிற்றிலையை மட்டும் கிள்ளி எடுத்துப் பார்ப்பவர் ஏமாறுவர். ஈர்க்கோடு முழு இலையையும் ஒடித்துப் பார்த்தல் வேண்டும். வேம்பில் ஒரே ஈர்க்கின் இரு மருங்கிலும் சிற்றிலைகள் நிற்கும், ஈர்க்கு கிளைப்பதில்லை. பகாயினில் நடு ஈர்க்கே பக்க ஈர்க்குகளாகப் பிரிந்து, அவற்றின்மேல் சிற்றிலைகள் அமையும். கறிவேப்பிலை உருவியும் முருங்கைக்கீரை ஆய்ந்தும் பழகிய கைகளுக்கு இதை விளக்கவே வேண்டா. வேம்பு கறிவேப்பிலை ஈர்க்கைப் போன்றது. பகாயின் முருங்கை ஈர்க்கைப் போன்றது. மேலும் வேம்பின் சிற்றிலை அரிவாளைப் போல் சற்றே வளைந்து, அடியில் ஒரு பாதி அகன்றும் மறு பாதி குறுகியும் இருக்கும்.

பூவில் வேற்றுமை இன்னும் தெளிவு. வேம்பின் பூ வெண்மை, அல்லது வெண்மையில் சிறிது மஞ்சள் கலந்தது. பகாயினின் இதழ்கள் இளம் ஊதா. நடுவே கருநீலம் போன்ற அடர்ந்த ஊதாக் குழல் ஒன்று நிமிர்ந்து நிற்கும். வேப்பம்பழம் நீண்டு, மழைக்காலத்தை ஒட்டிப் பழுத்து உதிர்ந்துவிடும். பகாயின் பழமோ உருண்டையானது. மஞ்சள் நிறம் கொண்டது. குளிர்காலத்தில் இலை அனைத்தும் உதிர்ந்த பிறகும் மொட்டைக் கிளைகளில் குலைகுலையாய்ச் சுருங்கித் தொங்கும். மார்கழியிலே டில்லியில் இலையற்ற ஒரு மரம் மஞ்சள் மணிகளைச் சுமந்து நிற்கக் கண்டால், அது வேம்பாக இருக்க முடியாது. அதன் கொட்டையில் இயற்கையாகவே நடுவில் துளை உண்டு. ஆதலால் அதைக் கோத்து மாலை செய்வதும் உண்டு.

பகாயினின் எல்லா உறுப்புகளிலும் நச்சு இருக்கிறது, பழத்தில் மிகுதி. பறவைகள் தின்னும், மனிதர் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும், மிகுந்தால் நரம்பையும் தாக்கும். இதை அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. வருடப் பிறப்பின்போது வேம்புக்கு முந்தி, பகாயினே பெரும்பாலும் வடக்கில் நிறையப் பூத்து நிற்கிறது. நாம் பூத் தேடும் நாளும் அது பூக்கும் காலமும் ஒன்றாய் அமைந்துவிட்டதே இங்குள்ள இடர்.

இதில் பெயராலும் ஒரு குழப்பம் உண்டு. பகாயினைத் தமிழில் மலைவேம்பு என்று நூல்கள் குறிக்கின்றன. ஆனால் தமிழகத்தில் இன்று ஒட்டுப்பலகைக்காகவும் தீக்குச்சிக்காகவும் தோப்புத் தோப்பாய் வளர்க்கப்படும் மலைவேம்பு, அதே இனக்குழுவைச் சேர்ந்த வேறொரு மரம். நாட்டு மருத்துவத்தில் மலைவேம்பு இலைச்சாறு என்றொரு பேச்சும் இருக்கிறது. அந்தப் பேச்சைக் கேட்டு, பகாயினுக்கும் அதே பெயர்தானே என்று வடநாட்டில் இலை பறித்துச் சாறு பிழிதல் ஆகாது. பெயரிட்ட அறிஞரே இவ்விரண்டையும் நெருங்க வைத்திருக்கிறார் என்றால் நமக்குக் குழப்பம் நேர்வதில் வியப்பென்ன? 1753-இல் லின்னேயஸ் வேம்புக்கு மீலியா அசாடிராக்டா என்றும், பகாயினுக்கு மீலியா அசெடராக் என்றும் பெயரிட்டார். ஆஸாத் திரக்த் என்னும் பாரசீகச் சொல்லே இரண்டுக்கும் மூலம். கட்டற்ற மரம் என்பது அதன் பொருள். 1830-இல் ஜுஸ்யூ என்னும் பிரெஞ்சு அறிஞரே வேம்பைப் பிரித்துத் தனிக் குடியில் வைத்தார்.

இது நிற்க. அந்தச் சித்திரைக்குப் பின் நாங்கள் தெரு மரங்களைப் பெயர் கேட்டுக் கேட்டுக் குறித்து வரலானோம். கேட்கக் கேட்க ஓர் உண்மை புலப்பட்டது. அயலான மரங்கள் என்று நாம் எண்ணியவற்றுள் பெரும்பாலானவை நமக்கு ஊரில் பழகியவையே. இந்திப் பெயரால் மறைந்திருந்தன. ஜாமுன் என்பது நாவல். புது டில்லி நகரை அமைத்தபோது பல சாலைகளில் அதையே நிழலுக்கு நட்டார்கள்; 2022 வரை ராஜபாதை என்றும் அதன்பின் கர்தவ்ய பாதை என்றும் வழங்கும் பெருவீதியின் இரு மருங்கிலும் அது நிற்கிறது. அர்ஜுன் என்பது நம் மருதம். அமல்தாஸ் என்பது சரக்கொன்றை. மௌல்சரி என்பது மகிழம். ஹர்சிங்கார் என்பது பவளமல்லி. மஹுவா என்பது இலுப்பை. டாக் என்பது புரசு. சேமல் என்பது இலவு. லஸோடா என்று ஊறுகாய் போடுவது நறுவிலி. கரோந்தா என்பது களாக்காய். டில்லியின் பழைய தர்கா முற்றங்களில் கிர்னி என்று காட்டும் முதிய மரம், இலங்கையிலும் தமிழகத்திலும் நம்மவர் பாலை என்று வழங்கும் மரமேயாகும். தமிழகத்துக் கோயில் மரங்களை எண்ணி வளர்ந்த ஒருவர், கைக்குட்டையில் கிர்னிப் பழத்தை முடிந்து வரும்போது அடையும் மகிழ்ச்சியை நாங்கள் கண்டிருக்கிறோம்.

சில பெயர்களில் இரு மொழியும் ஒன்றையே நினைத்திருக்கின்றன. டில்லி மேட்டுக்காட்டை நிரப்பியிருக்கும் முள்மரத்தை விலாயத்தி கீகர் என்பர். கீகர் என்றால் கருவேலம். விலாயத்தி என்றால் சீமை. நம் நாட்டில் ஏரி குளமெல்லாம் ஏறிவிட்ட சீமைக்கருவேலமே அது. இங்கும் அங்கும் குடியானவர் ஒருவரை ஒருவர் கேளாமலே ஒரே பெயரை இட்டிருக்கின்றனர். கொடுக்காப்புளியை இங்கே ஜங்கல் ஜலேபி என்பார்கள். சுருண்டு கிடக்கும் காயைப் பார்த்தால் பெயர் இட்டவருக்கு இனிப்புக் கடைமேல் இருந்த பற்று விளங்கும்.

ஆயினும் பெயரை மட்டும் நம்பினால் மோசம் போவோம். நாற்றுப் பண்ணையில் அசோக் என்று கேட்டால், கம்பம் போல் ஓங்கி இலை தொங்கும் நெட்டிலிங்கத்தையே கொடுப்பர். மெய்யான அசோகு அதுவன்று. அது கிளைகளிலேயே செம்மஞ்சள் பூக்கொத்து வைப்பது. அதன் தளிர் செம்பு நிறத்தில் துவண்டு தொங்குவது. மருந்துக்கு உரியது அசோகின் பட்டையே. அதில் நெட்டிலிங்கப் பட்டையைக் கலந்து விற்கும் வழக்கமும் உண்டென்பதால், பட்டை வாங்குவோர் அறிந்து வாங்க வேண்டும். சம்பா என்று கேட்டால், ஒடித்தால் பால் வடியும் தடித்த கிளைகளையுடைய ஈழத்தலரியைத் தருவர். நம் செண்பகத்தில் பால் வடியாது. செண்பகம் வேண்டுமானால் சோன் சம்பா என்று தனித்துக் கேட்க வேண்டும். காய்கறிச் சந்தையிலும் இந்தத் தொல்லைதான். டில்லியில் சீதாபல் என்றால் பரங்கிக்காய். சீதாப்பழத்துக்கு ஷரீஃபா என்று பெயர். சீதாப்பழம் வாங்கி வரச் சொல்லி அனுப்பப்பட்டவர் பரங்கிக்கீற்றோடு திரும்பிய வீடு எங்களுடையது மட்டுமன்று என்றே எண்ணுகிறோம்.

பூ வைக்கும் பழக்கமுடைய நம் பெண்களுக்காக மல்லிகை வகைகளையும் சொல்லிவிடலாம். மோக்ரா என்றும் பேலா என்றும் கூறப்படுவது குண்டுமல்லி. சமேலி என்பது சாதிமல்லி, அதாவது பிச்சி. ஜூஹி என்பது முல்லை. ராத் கி ராணி என்பது இரவில் மணப்பதாலேயே மல்லிகையென்று மயங்கப்படுகிறது. அது கத்தரி, தக்காளியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதைத் தொடுத்துத் தலையில் வைப்பாரும் இல்லை.

ஐப்பசி தொடங்கியதும் டில்லித் தெருக்களில் அந்தி மயங்கும் வேளையில் கனத்த மணம் ஒன்று எழும். புதிதாய் வந்தவர் அது எந்தப் பூவென்று தேடி அலைவர். இலைகள் குடைக்கம்பிபோல் ஒரே கணுவிலிருந்து வட்டமாய், பெரும்பாலும் ஏழாய், விரிந்திருக்கும். அதுவே ஏழிலைப்பாலை, இங்கே சப்தபர்ணி. மரத்தின் அறிவியற் பெயரிலுள்ள ‘ஸ்கோலாரிஸ்’ என்னும் சொல், அதன் பலகையில் பிள்ளைகள் எழுதிப் பழகியதால் வந்தது. சாந்திநிகேதனத்தில் பட்டமளிப்பு விழாவில் அதன் இலையையே தருகின்றனர். சிலருக்கு அந்த மணம் பிடிக்கும். மூச்சுத் தொல்லை உடையோர் அதைக் குறைகூறுவர். எங்கள் வீட்டிலேயே இதில் இரு கட்சி உண்டு.

அறியாத மரம் ஒன்றைக் கண்டால் செய்ய வேண்டியது என்ன? ஒரு நாள் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதிருத்தல் முதலாவது. பூக்காத காலத்தில் பார்த்த மரத்தைப் பூக்கும் காலத்தில் மறுபடி பார்க்க வேண்டும். இலை கிளையில் மாறி மாறி அமைகிறதா, எதிரெதிரே அமைகிறதா, வட்டமாய் அமைகிறதா என்று நோக்க வேண்டும். இலை தனியிலையா, ஈர்க்கில் பல சிற்றிலைகளா என்று காண வேண்டும். காம்பை ஒடித்தால் பால் வடிகிறதா, நிறமற்ற நீர் வடிகிறதா என்பது பெரிய துப்பு. கசக்கினால் மணம் வருகிறதா என்றும் பார்க்கலாம். சுவைத்துப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது. வேலிகளில் மஞ்சள் மணிபோல் பூக்கும் பொன்னரளியை இங்குப் பீலா கனேர் என்பர். அதன் விதை இதயத்தையே தாக்கும் கொடிய நஞ்சு. பாலுடைய செடியை ஒடித்த கையால் கண்ணைத் தொடவும் வேண்டா.

இன்னும் ஐயம் தீராவிடில் பூவும் இலையும் சேர்ந்த ஒரு சிறு கொம்பைச் செய்தித்தாள் மடிப்பில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, நாள்தோறும் தாளை மாற்றினால் ஒரு வாரத்தில் உலர்ந்துவிடும். பறித்த நாள், இடம், பூவின் நிறம், மரத்தின் உயரம், பால் உண்டா இல்லையா என்பவற்றை ஒரு துண்டில் எழுதி உடன் வைக்க வேண்டும்; உலர்ந்தபின் நிறம் மாறிவிடுமாதலால் இக்குறிப்பு மிகவும் உதவும். 1890-இல் தோன்றிய இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்துக்குக் கொல்கத்தாவில் தலைமையிடமும் நாட்டின் பல பகுதிகளில் கிளைகளும் உண்டு. தென்மண்டலக் கிளை கோவையில் இருக்கிறது. கல்லூரித் தாவரவியல் ஆசிரியர்களும் இத்தகைய மாதிரியை ஆர்வத்தோடே பார்ப்பர். நூல் வழியே அறிய விரும்புவோர்க்கு மகேசுவரி என்பார் எழுதி 1963-இல் வெளிவந்த டில்லித் தாவர நூலும், படங்களோடு எளிய நடையில் பிரதீப் கிருஷன் 2006-இல் வெளியிட்ட டில்லி மரங்கள் பற்றிய ஆங்கில நூலும் உள்ளன.

இப்போது கைப்பேசியில் படம் பிடித்தவுடன் பெயர் சொல்லும் செயலிகள் வந்துவிட்டன. அவற்றை நாங்களும் பயன்படுத்துகிறோம். இலையை மட்டும் காட்டினால் அவை தடுமாறுகின்றன. பூ, காய், பட்டை, முழு மரம் என்று தனித்தனியே காட்டினால் நெருங்கி வருகின்றன. தேடத் தொடங்குவதற்கு அவை போதும். தின்பதற்கு அவற்றின் சொல் போதாது.

இனி, நாம் நன்கு அறிந்த செடிகள் இங்கே அறியாதவைபோல் நடந்துகொள்ளும் கதைக்கு வருவோம். இதற்குக் காரணம் காலத்தின் மாற்றம். சென்னையில் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் பெய்கிறது. டில்லியிலோ ஆடி ஆவணியோடு மழை பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. கோடையில் 45 பாகையை எட்டும் வெப்பமும் ‘லூ’ என்னும் வறண்ட அனல் காற்றும். தை மாதத்தில் 4, 5 பாகைக்கு இறங்கும் குளிரும். ஊரில் இவ்விரண்டையும் அறியாத செடி இங்கே வந்து என்ன செய்யும்?

கறிவேப்பிலையை எடுத்துக்கொள்வோம். இங்குள்ளோர் கடி பத்தா என்றும், இனிய வேம்பு என்னும் பொருள்பட மீட்டா நீம் என்றும் கூறுவர். நம்மவர் வீட்டில் தொட்டியிலேனும் ஒன்று இல்லாதிராது. மார்கழி பிறந்ததும் இலை மஞ்சளித்து உதிரும். தையில் குச்சி மட்டும் நிற்கும். உடனே நாம் என்ன செய்கிறோம்? தண்ணீர் போதவில்லை என்று கருதி ஊற்றுகிறோம், உரம் இடுகிறோம். செடி அதனால்தான் சாகிறது, குளிரால் அன்று. குளிரில் அது உறங்குகிறது. உறங்கும் வேர் நீரை உறிஞ்சாது. தொட்டியில் தேங்கிய நீரில் அழுகும். நாங்கள் இப்படி இரண்டு செடிகளை இழந்த பின்பே இதைக் கற்றோம். விரல் நுனியை மண்ணில் ஓர் அங்குலம் நுழைத்து, ஈரம் இல்லாவிட்டால் மட்டும் சிறிது ஊற்றினால் போதும். பனி படாதபடி தெற்கு நோக்கிய சுவரோரம் வைக்க வேண்டும். உயிர் இருக்கிறதா என்று அறிய நகத்தால் பட்டையைச் சிறிது கீறிப் பார்க்கலாம். உள்ளே பச்சை தெரிந்தால் பிடுங்க வேண்டா. மாசி நடுவில் குச்சிகளைப் பாதியாக வெட்டிவிட்டு, தளிர் தோன்றிய பின்னர் மட்கிய சாணமிட்டால் பங்குனியில் தழைக்கும். புதுச்செடி வாங்குவோர் ஆடியில் வாங்குவது நன்று. ஐப்பசியில் வாங்கிய இளஞ்செடி வேர் பிடிக்குமுன் குளிர் வந்துவிடும்.

கோடையிலும் மழையிலும் இலை மஞ்சளித்தால் அது வேறு நோய். இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாயிருந்து இடைப்பகுதி வெளுத்தால், இரும்புச்சத்துக் குறைவு எனலாம். மண்ணில் இரும்பு இல்லாமற் போவதில்லை. உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த நீரைத் தொடர்ந்து ஊற்றுவதால் அது வேருக்கு எட்டாமற் போகிறது. ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதியைக் கரைத்து மாலையில் இலைமேல் தெளித்தால் பச்சை திரும்பும். முதலில் ஒரு கிளையில் மட்டும் தெளித்து, கருகவில்லை என்று கண்டபின் மற்றவற்றுக்குத் தெளிப்பது நலம். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுவது இன்னும் எளிய வழி. இலையில் பறவை எச்சம் போன்று கறுப்பும் வெள்ளையுமாய் ஒட்டியிருப்பதைக் கண்டால், அது எச்சமாக இராது. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. வளர்ந்தபின் பச்சை நிறம் கொண்டு இரண்டே நாளில் சிறு செடியை மொட்டையாக்கிவிடும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பமாதலால் இரண்டிலும் வருகிறது. கையால் பொறுக்கி எடுத்தாலே போதும். தாளிதத்தில் போடும் இலைக்குப் பூச்சிமருந்து அடிக்க வேண்டா.

குண்டுமல்லியில் நாம் செய்யும் தவறு நாள்காட்டியில் இருக்கிறது. ஊரில் கார்த்திகையில் கவாத்து செய்வது வழக்கம். அதே மாதத்தில் இங்கும் வெட்டினால், வெட்டிய இடத்தில் கிளம்பும் தளிரைத் தைப்பனி கருக்கிவிடும். இங்கே தை கழியும்வரை பொறுத்து, குளிர் தணியும்போது வெட்ட வேண்டும். இலை மட்டும் செழித்துப் பூவே வராவிடில் பெரும்பாலும் வெயில் போதவில்லை என்று பொருள். மாடிக் குடியிருப்பில் அழகுக்காக நிழற்பக்கத்தில் வைத்த தொட்டிகளை இடம் மாற்றினாலே பல வீடுகளில் பூ வந்துவிடுகிறது.

வாழைக்குக் குளிரைவிட ‘லூ’ கொடிது. மேற்கே சுவர் மறைப்புள்ள இடத்தில் வைத்தால் இலை கிழியாமல் இருக்கும். பனியில் கருகிய இலைகளைத் தையிலேயே அறுக்காமல் விட்டுவைத்தால், அவை உள்ளிருக்கும் குருத்துக்குப் போர்வையாகும். முருங்கை இங்கே சஹ்ஜன்; குளிரில் இலையுதிர்த்துவிட்டு மாசி பங்குனியில் பூக்கும். வேரில் நீர் தேங்காதிருந்தால் வேறு கவலை இல்லை. தென்னை காய்ப்பதை மட்டும் டில்லியில் எதிர்பார்க்க வேண்டா.

தெருமரங்களைப் பற்றி நம்மவர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு. பங்குனியில் வேம்பும் அரசும் இலையெல்லாம் கொட்டுகின்றனவே, நோயா என்பது முதற் கேள்வி. மரம் முழுதும் ஒருங்கே மஞ்சளித்து உதிர்ந்து, சில நாட்களில் செம்பு நிறத் தளிர் விட்டால் அது இங்குள்ள பருவத்தின் இயல்பு. கிளை நுனிகள் மட்டும் பழுப்பேறிக் காய்ந்து, இலை உதிராமல் ஒட்டிக்கொண்டு, நோய் நுனியிலிருந்து கீழே இறங்கினால் அது நுனிக்கருகல். 2021-இல் தெலங்கானாவில் வேம்புகளைப் பரவலாகத் தாக்கியது இந்நோயே. பட்டைமேல் மண்பூச்சு ஏறுகிறதே, கரையான் மரத்தைத் தின்றுவிடுமா என்பது இரண்டாவது. பெரும்பாலும் அது காய்ந்த மேற்பட்டையைத்தான் தின்கிறது. தென்னந்துடைப்பத்தால் மண்ணைத் தள்ளிவிட்டு, உள்ளே பட்டை உறுதியாயிருக்கிறதா என்று தட்டிப் பார்த்தால் போதும்.

இவ்விரண்டையும்விடப் பெரிய தீங்கு ஒன்றை யாரும் கேட்பதில்லை. நடைபாதைக்குக் கல் பதிக்கும்போது அடிமரம் வரை சிமெண்டுப் பூசிவிடுகின்றனர். வேருக்கு நீரும் காற்றும் செல்வதில்லை. மூன்று நான்கு ஆண்டுகளில் உச்சி காய்கிறது. 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டில்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தொலைவுக்குள் உள்ள சிமெண்டை அகற்றுமாறு ஆணையிட்டது. 1994-ஆம் ஆண்டின் டில்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் வீட்டு வளாகத்துள் நிற்கும் மரமேயாயினும் வனத்துறையின் மர அலுவலரிடம் இசைவு பெறாமல் வெட்டக் கூடாது. இவ்விரண்டையும் குடியிருப்போர் சங்கத்தில் எடுத்துச் சொல்லத் தமிழர் தயங்க வேண்டியதில்லை. இந்தி சரளமாக வராவிட்டாலும், ஆணையின் படி ஒன்றைக் கையில் வைத்திருந்தால் போதும்.

எங்கள் குடியிருப்பின் பின்சுவரோரப் பகாயினை வெட்டிவிட வேண்டும் என்று அன்று சிலர் கூறினர். நாங்கள் வெட்ட விடவில்லை. அடியைச் சுற்றிச் சிமெண்டைப் பெயர்த்து மண் தெரியச் செய்தோம். மார்கழியில் அது மொட்டையாய் நிற்பதால் அதன் அடியில் வைத்த கறிவேப்பிலைத் தொட்டிகளுக்கு வெயில் தடையின்றி விழுகிறது. வைகாசியில் தழைத்து அவற்றுக்கே நிழல் தருகிறது. பழம் உதிரும் காலத்தில் நாள்தோறும் காலையில் ஒருவர் கூட்டித் தள்ள வேண்டியிருக்கிறது. இவ்வாண்டு அந்த முறை எங்களுடையது.